மெல்லுவதை நிறுத்தும் இடம்

செய்தி வந்தபோது காலை பதினொன்றரை மணி. டிரைவிங் மாஸ்டர் ஒரு காலி மைதானத்தில், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியப் பாருங்க சார், என்னைப் பார்க்காதீங்க. நான் அவ்வளவு ஒண்ணும் அழகில்ல."

சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. பதிப்பகத்து முதலாளி. மனைவி வேலை பார்க்கும் அந்தப் பதிப்பகத்திலிருந்து மனைவிதான் கூப்பிடுவாள், முதலாளி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "மாஸ்டர், மேஜையிலயே சாஞ்சுட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டோம். நீங்க... வந்துடுங்க."  

மேலாளர் இறங்கி, சுற்றி வந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பயிற்சி வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. ஆஸ்பத்திரி போகும் வழியில் அந்தப் பெரியவர் அதை இரண்டு தடவை மிதித்தார். இரண்டு தடவையும் மிதித்தது சரி.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. இதயம். வலித்ததா என்று கேட்டதற்கு, நேரமே இருந்திருக்காது என்றார் டாக்டர்.

பதிப்பகத்துக்கு எழுதுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ஊசி'. மற்ற எடிட்டர்கள் கத்தரியோடு வருவார்கள். பக்கம் பக்கமாகப் போகும். இவள் எதையும் வெட்ட மாட்டாள். ஒரே ஒரு குத்து. வலிக்கும், ஆனால் கிழிந்த இடம் சேர்ந்துவிடும். டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள்தான் அந்தப் பதிப்பகம். அதில் ஜன்னல் இல்லாத அறை அவளுடையது. கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, மெய்ப்புப் பார்க்கும் வேலைக்கு வந்தவள். ரப்பர் வாடைக்கு நடுவிலேயே எடிட்டர் ஆனாள்.

அவளிடம் வந்து குவிந்ததெல்லாம் ஒரே ஜாதிச் சரக்கு. உலகம் அழிந்த பிறகு ஒரு நகரம், நகரத்தைச் சுற்றிச் சுவர், உள்ளே ஒரு சர்வாதிகாரி, பதினேழு வயதில் ஒரு பெண், அவளைக் காதலிக்க ஒன்றுக்கு இரண்டு பையன்கள். பதிப்பகத்தில் இதற்குப் 'பாழுலகக் காதல்' என்று பெயர். கல்லூரிப் பெண்களும் பள்ளிப் பெண்களும் சுடச்சுட வாங்கினார்கள். இலக்கியம் தெரிந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அவள் சுளிக்கவில்லை.

"பதினஞ்சு வயசுப் பொண்ணு இருக்கிற எல்லா வீடும் சுவர் கட்டின ஊர்தாங்க," என்பாள் கணவரிடம். "எங்க போற, யாரு போன்ல, ஏன் சிரிக்கிற. அதுங்களுக்கு அந்த ஊரு நல்லாத் தெரியும். அதனாலதான் வாங்குதுங்க. கதையை மாத்த வேண்டாம். அங்கங்க ஒரு தையல் போட்டாப் போதும்."

தையல் போட வேண்டிய இடத்தை அவள் கண்டுபிடித்த விதம் யாருக்கும் தெரியாது. மாஸ்டருக்குத் தெரியும், ஏனென்றால் கருவியே அவர்தான். காலையில் அவர் ரொட்டியும் முட்டையும் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, முந்தின நாள் படித்த கதையை அவள் வாயால் சொல்வாள். அவர் அந்த வகைக் கதையில் ஒரு வரிகூடப் படித்தவரில்லை. கேட்டுக்கொண்டே மெல்லுவார். எந்த இடத்தில் மெல்லுவதை நிறுத்துகிறாரோ, அங்கே கதை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

"உலகம் அழிஞ்சு எழுபது வருஷம். குடிக்கத் தண்ணி இல்ல. மதில் மேல இவ நிக்கிறா, கூந்தல் காத்துல அலை அலையாப் பறக்குது..."

தாடை நின்றது. "ஷாம்பு எங்க வாங்குறா?"

அந்த நாவலில் முதல் அத்தியாயத்திலேயே அந்தப் பெண் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள். மாற்றம் அவ்வளவுதான். ஆனால் கூந்தலைப் பார்த்து மயங்க வழியில்லாமல் போன பையன், இருட்டில் அவளை நடையை வைத்து அடையாளம் கண்டுகொண்டான். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்ட பெண்கள் ஏராளம்.

இன்னொன்றில் சர்வாதிகாரி சும்மா சும்மா சிரித்துக்கொண்டே இருந்தான். "அவனுக்கு வேற வேலை இல்லையா?" என்றார் மாஸ்டர். அவள் அந்த எழுத்தாளரைக் கூப்பிட்டு, சர்வாதிகாரிக்கு இடது காதை மட்டும் மந்தமாக்கச் சொன்னாள். பிறகு ஊரே அவன் இடப்பக்கம் நின்று ரகசியம் பேசியது. காதலர்களும் அங்கேதான் நின்றார்கள்.

எல்லாக் கதாநாயகிகளும் அனாதைகள் என்பது அவளுக்கு ஆகாத விஷயம். "அம்மா இருந்தா கதை முதல் பக்கத்துலயே முடிஞ்சிடும்னு பயப்படுறாங்க. 'எங்கடி கிளம்பிட்ட?'ன்னு கேட்டுருவாளே!" ஒரு நாவலில் அப்படியே ஓர் அம்மாவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். நகரத்துச் சுவரைத் தாண்டுவதைவிட அந்த வாசலைத் தாண்டுவது பெரும்பாடாகிவிட்டது அந்தப் பெண்ணுக்கு.

தவறும் நடந்திருக்கிறது. ஒருமுறை நல்ல காதல் கட்டத்தில் மாஸ்டர் சட்டென்று மெல்லுவதை நிறுத்தினார். அவள் எதுவும் கேட்காமல் எழுந்து போய், அந்த அத்தியாயத்தையே திரும்ப எழுத வைத்துவிட்டாள். புத்தகத்தில் எல்லாருக்கும் பிடித்த பகுதி அதுவாகவே ஆனது. பிறகு ஒரு நாள் பல் பிடுங்கிக்கொண்டு வந்து மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார்: அன்றைக்கு நின்றது கதைக்காக இல்லை, கடைவாய்ப் பல்லுக்காக. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பரவால்லைங்க, உங்களவிட உங்க பல்லு நல்லா கதை கேக்குது. அதைப் போய்ப் பிடுங்கிட்டு வந்து நிக்கிறீங்களே!"

அவள் போய் மூன்றாம் வாரம், முதலாளியும் ஓர் எழுத்தாளப் பெண்ணும் வீட்டுக்கு வந்தார்கள். எழுத்தாளப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. அவளுடைய பாழுலகத் தொடரின் முதல் இரண்டு பாகங்களும் ஊசி தையல் போட்டவை. மூன்றாவது பாகம், கடைசி பாகம், அச்சுக்குப் போகக் காத்திருந்தது.

"அக்கா அன்னிக்குக் காலைல போன் பண்ணாங்க மாமா," என்றாள் அந்தப் பெண். "முடிவுல ஒரே ஒரு சின்ன மாத்தம் இருக்கு, மதியம் வா, சொல்றேன்னாங்க. நான் பஸ்ல வந்துட்டே இருந்தேன்."

"பிரதி முழுக்கப் பார்த்துட்டோம் மாஸ்டர்," என்றார் முதலாளி. "முடிவுல ஒரு குறிப்பும் இல்ல. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

சொல்லவில்லை. கடைசிக் காலையில் கதை சுவர் வரைக்கும்தான் வந்திருந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். அவளுடைய கடைசிப் புத்தகத்தின் முடிவு அவள் கை படாமல் வெளியே போகப்போகிறது. இந்த மூன்று வாரத்தில் எதற்கும் கலங்காமல் நடமாடிய மனிதருக்கு இது மட்டும் பொறுக்கவில்லை.

"நானே ஒண்ணு யோசிச்சிருக்கேன்," என்றாள் எழுத்தாளப் பெண், தரையைப் பார்த்தபடி. "கடைசில அவ செத்துடுற மாதிரி. அக்காவுக்காக."

"வேண்டாம்மா. அவ இத்தனை வருஷத்துல யாரையும் சாகடிச்சதில்ல." மாஸ்டர் எழுந்தார். "நாளைக்குக் காலைல வா. நீ கதையச் சொல்லு. நான் சாப்பிடுறேன்."

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும்தான். ஆனால் மறுநாள் வந்தாள்.

மாஸ்டரே முட்டை வேக வைத்திருந்தார். கொஞ்சம் அதிகமாகவே வெந்துவிட்டது. எதிர் நாற்காலியில் உட்காரத் தயங்கிய பெண்ணை, "உட்காரும்மா, நாற்காலிதானே," என்று உட்கார வைத்தார். அவள் எழுதுகிற அளவுக்குச் சொல்லத் தெரிந்தவள் இல்லை. முன்னும் பின்னுமாகக் குழப்பினாள், நடுவில் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள். அவர் மெதுவாக மென்றுகொண்டிருந்தார். ஊரே கலகத்தில் இறங்கியது. மென்றார். சர்வாதிகாரி தப்பி ஓடினான். மென்றார். சுவரில் வெடி வைத்தார்கள், ஒரு பகுதி சரிந்தது.

"புகைக்குள்ள இருந்து அவ காதலிக்கிற பையன் வர்றான் மாமா. 'என்னோடு வருகிறாயா?'ன்னு கேக்குறான். அப்படியே அவளை ரெண்டு கையிலயும் தூக்கிட்டு, இடிஞ்ச சுவரைத் தாண்டி..."

தாடை நின்றது.

"அவளுக்குக் கால்ல அடியா?"

"இல்லையே."

"காய்ச்சலா?"

"இல்ல மாமா. நல்லாத்தான் இருக்கா."

"அப்புறம் எதுக்குத் தூக்குறான்? இதே பொண்ணு ரெண்டாவது பாகத்துல கயிறு கட்டி அந்தச் சுவர் மேலயே ஏறினாளே. என் பொண்டாட்டி சொல்லும்போது எனக்கே மூச்சு வாங்கிச்சு."

 எழுத்தாளப் பெண் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள். முட்டைத் தட்டு குதித்தது.

"கேள்வியே அவனுது இல்ல மாமா! அவளுது. அவ முன்னால ஏறிப் போயிடுறா. இடிஞ்ச இடத்துல நின்னு திரும்பிப் பாக்குறா. கீழ நிக்கிறவன்கிட்ட 'என்னோடு வருகிறாயா?'ன்னு இவ கேக்குறா. வார்த்தை ஒண்ணுகூட மாத்த வேண்டாம். ஆள்தான் மாறணும்."

"வர்றானா அவன்?"

"வருவான். ஆனா கொஞ்சம் யோசிச்சிட்டு வரட்டும். மூணு பாகமா இவதானே அவனுக்காக யோசிச்சிட்டுக் கிடந்தா?"

மாஸ்டர் மீதி ரொட்டியை எடுத்துக் கடித்தார். மெல்ல ஆரம்பித்தார். அந்தப் பெண் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"அக்கா சொல்ல நினைச்சது இதுதானா மாமா?"

"அது எப்படிம்மா தெரியும்? அவ எங்கிட்ட எந்தத் திருத்தத்தையும் முன்கூட்டிச் சொன்னதில்ல. ஆனா இந்த இடத்துலதான் நின்னிருப்பா. நின்னு என் வாயைப் பார்த்திருப்பா. அது நிச்சயம்."

அன்று மதியமே கடைசி அத்தியாயம் திருந்திவிட்டது. மூன்று வரிதான் மாறியது. முதலாளி படித்துப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஊசி போட்ட மாதிரியே இருக்கு," என்றார். மாலையில் பிரதி அச்சகத்துக்குப் போனது.

புத்தகம் வெளிவந்து நன்றாகவே போகிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் செருப்பில் ஒன்று ஆற்றோடு போய்விடுகிறது. அடுத்த அத்தியாயத்தில் அவள் இரண்டு செருப்போடும் ஓடுகிறாள். ஊசி அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தாள், பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. அவசரத்தில் அதை யாரும் சரி செய்யவில்லை.