இடது காலுக்கு மூன்று படம்

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் கோடு போடுவார். முடிந்ததும் "விடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூச்சை விடுவார். நாற்பது வருடம் எக்ஸ்ரே அறையில் நின்ற பழக்கம். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, விடலாம்." தெருவில் பாதிப் பேராவது இதைக் கேட்டிருப்பார்கள். அவர் பெயரே அங்கே 'அசையாதீங்க'தான்.

இப்போது அவர் ஓர் ஆளை அசைய வைக்கப் பார்க்கிறார். எட்டு மாதத்துக்கு முன் இறந்துபோன மனைவியை. வீட்டில் அவள் படங்கள் நிறைய இருக்கின்றன. நடக்கிற வீடியோ ஒன்றுகூட இல்லை. வீடியோ எடுத்ததெல்லாம் அவள்தான்.

"மூஞ்சி அப்படியே இருக்கு. நடைதான் கொஞ்சங் கொஞ்சமா நழுவுது" என்றார் ஒருநாள் மகளிடம், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

துணைக்கு ஒரு புத்தகம் உண்டு. கார்ட்டூன் வரைந்து ஓட வைப்பது எப்படி என்று, அந்த வித்தையே புதிதாக இருந்த காலத்தில் அச்சானது. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கினார். அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கங்களும் இல்லை. நடை பற்றிய அத்தியாயம் மட்டும் முழுசாக இருந்தது. கண்ணாடிக்கு அடியில் விளக்கு வை என்கிறது புத்தகம். அவரிடம் எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியே இருக்கிறது, ஆஸ்பத்திரி கழித்துப் போட்டது. தாள் நகராதபடி இரண்டு முளை வை என்கிறது. ஃபைலுக்கு ஓட்டை போடும் மெஷினால் தாள்களைக் குத்தினார். ஓட்டைக்குப் பொருந்தும் போல்ட் இரண்டை மகள் கொண்டுவந்தாள். அவள் மெக்கானிக்கல் இன்ஜினியர்.

புத்தகத்தில் நடப்பவர் தொப்பி வைத்த குண்டு மனிதர். காலுக்கு நான்கு படம், இரண்டு காலுக்கும் சேர்த்து எட்டு. அப்படியே வரைந்து தாள்களை விரலால் ஓட்டினால், மனைவி அணிவகுப்பில் போனாள்.

"யாருப்பா இது, போலீஸா?"

"உங்கம்மா பாதி போலீஸ்தானே."

அதுவும் உண்மைதான். நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் காலை வழியில் நீட்டிக்கொள்வார். தாண்டிப் போக வரும் மனைவி, "காலை மடக்குங்க, இதென்ன ரயில்வே ஸ்டேஷனா?" என்பாள். தினமும் மடக்குவார், தினமும் நீட்டுவார்.

அவளுக்கு இடது முழங்கால் தேய்மானம். வலிக்கிற கால் தரையில் நிற்கும் நேரம் குறைவு. மகள் கணக்குப் போட்டாள்: வலதுக்கு ஐந்து படம், இடதுக்கு மூன்று. அவர் இருபத்துநான்கு தாள்கள் வரைந்தார். நாற்காலியிலிருந்து சமையலறைக்கு, முதுகைக் காட்டி, சிறிதாகிக்கொண்டே போகிறாள்.

மகள் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். "அப்பா, வலது காலை நொண்டறாங்க."

"இடதுதான். இதோ, என் வலப்பக்கம்."

"முகத்தைக் காட்டி நின்னாத்தான் அது இடது. அம்மா திரும்பிப் போறாங்க."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், சிரித்துவிட்டார். "ஃபிலிம்ல எல்லாரும் என்னைப் பார்த்துத்தானே நின்னாங்க! எவன் முதுகைக் காட்டினான்?"

"மறுபடி இருபத்துநாலு தாளா?"

"காலெல்லாம் சரியாத்தான் இருக்கு. அவ இந்தப் பக்கம் திரும்பினாப் போதும்."

பழைய தாள்களை விளக்கின் மேல் வைத்துப் புதுத் தாளில் படியெடுத்தார். கொண்டையை விட்டுவிட்டு முகம் போட்டார், பாதங்களைத் திருத்தினார், வரிசையைத் தலைகீழாக்கினார். ஒரு வாரம் வீட்டில் "விடலாம், விடலாம்" என்ற சத்தம்.

ஞாயிறு காலை, நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, தாள்கட்டைக் கையில் எடுத்தார். மகள் பின்னால் நின்றாள். சமையலறை வாசலில் கட்டைவிரல் உயரத்தில் ஒருத்தி. விரல் தாள்களை விட விட, இடது காலை அவசரமாக எடுத்து வைத்து, வலது காலில் ஊன்றி நின்று, பெரிதாகிக்கொண்டே வந்தாள்.

கடைசித் தாளுக்கு முன்பே அவர் காலை மடக்கிக்கொண்டார்.