கீரைக்காரர் தந்த தராசு

அன்று உழவர் சந்தையில் எனக்குத் துணையாக இருந்தவர்கள் இரண்டே பேர்: அடுத்த கடைக் கீரைக்காரர், அவர் மனைவி. வழக்கமாகச் சந்தைக்குப் போகிற என் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார்.

முதல் பறிப்புக் கத்திரிக்காய், முப்பது கிலோ. அன்றே விற்காவிட்டால் மண்டியில் போட வேண்டும். அங்கே கேட்கிற விலை பறிப்புக் கூலிக்கே காணாது. பறித்துக் கொடுத்த இரண்டு பெண்களுக்கும் சாயங்காலம் கூலி தருவதாகச் சொல்லியிருந்தேன்.

வெண்ணந்தூரில் முதல் பஸ் ஏறும்போதே எனக்குப் படபடப்பு. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆபீசு, கையெழுத்து என்றாலே பயம். உழவர் சந்தையில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டுதான் தராசு தருவார்கள். கடை முடிந்து தராசைக் கொடுத்தால் அட்டை திரும்ப வரும். அதனால் கிளம்புவதற்கு முன் அட்டை இருக்கிறதா என்று பையிலிருந்து மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை மிக்ஸி மேலேயே வைத்துவிட்டேன்.

"நோட்டுல உங்க ஊட்டுப் பேர் இருக்குதுங்க, கடையில உக்காருங்க. ஆனா அட்டை இல்லாம தராசு தர முடியாது" என்றார் சந்தை அலுவலர்.

காயைப் பரப்பிவிட்டு உட்கார்ந்தேன். விலை கேட்டவர்கள் தராசு இல்லை என்றதும் நகர்ந்தார்கள். கீரைக்காரர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, கத்திரிக்காய்க்கு முந்தி உங்க மொகம் வாடிப்போச்சு?"

அட்டையை மறந்ததைச் சொன்னேன். கீரைக்காரர் சிரித்துவிட்டார். "நாங்க கட்டுக் கணக்குல விக்கறவங்க. எப்பவாச்சும் முருங்கைக்காய் கொண்டாந்தாத்தான் தராசு வேணும். இன்னைக்கு சும்மாதான் கெடக்குது, எடுத்துக்குங்க."

"சும்மா எங்க கெடக்குது? இவரு டீ டம்ளரு வெக்கறதே அதும்மேலதான்" என்றாள் அவள்.

"உங்க அட்டைக்குத் தந்ததாச்சுங்களே? யாராச்சும் கேட்டா?" என்றேன். அவர் எழுந்து ஆபீசுக்கே போய்விட்டு வந்தார். "சொல்லிட்டேனுங்க. ஒடஞ்சா எங்கிட்டத்தான் கேப்பாங்களாம், அவ்வளவுதான்."

அவருக்கு அவ்வளவுதான். எனக்கு அதிலிருந்து புதுப் பயம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு காயாகத் தட்டில் வைத்தேன்.

"அக்கா, அது கத்திரிக்கா. முட்டை இல்ல" என்றாள் அவள். வாங்க நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காலையிலிருந்து அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

போனில் பணம் போடுகிறேன் என்றவர்களுக்குக் காட்ட என்னிடம் ஸ்கேன் அட்டை இல்லை. கீரைக்காரர் தன்னுடையதை நடுவில் நகர்த்தி வைத்தார். எனக்கு வரும் தொகையை மட்டும் அவர் மனைவி உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டே வந்தாள். கீரை ஈரத்தில் அது அழிந்துவிடுமோ என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டரைக்குச் சொத்தைக் காய்தான் மிச்சம். தராசைத் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தேன். போனில் அவர் கணக்குக்கு வந்த என் பணம் அறுநூற்று நாற்பது. அதை ரொக்கமாகத் தர அவர்கள் பணப்பெட்டியைக் கவிழ்த்து எண்ணியதில் ஐந்நூற்று அறுபதுதான் தேறியது.

"மீதியை அடுத்த பறிப்புக்கு வாரப்ப வாங்கிக்குங்க. வராம இருந்தராதீங்க" என்றாள்.

வீட்டுக்காரர் கால் சரியானதும் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்திருந்தவள் நான். சாயங்காலம் இரண்டு பெண்களுக்கும் சொன்னபடி கூலியைக் கொடுத்தேன்.

இப்போது வீட்டுக்காரருக்குக் கால் நேராகிவிட்டது. சந்தைக்கு நான்தான் போகிறேன். பார்க்கும்போதெல்லாம் கீரைக்காரர் பெட்டியைத் திறக்கிறார். "அடுத்த தடவை தாங்க" என்று நானே தடுத்துவிடுகிறேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்கு, அந்தப் பணத்தை நினைத்து ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. அவர்கள் எனக்குத் தர வேண்டியது இன்னும் எண்பது ரூபாய்.