வெடிக்குப் பயந்த அமெரிக்க மீன்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் மை கலக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்துக் காலண்டரில் முருகன் முகம் காமாலை கண்டது போல் இருந்தால் அது பெரும்பாலும் என் கைவரிசை. குடியிருந்தது விஸ்வநத்தம் போகிற வழியில், ஒரு பட்டாசுக் கம்பெனியின் பின்சுவரை ஒட்டிய வீடு. கல்யாணமாகிப் பல வருஷம். குழந்தை இல்லை.

மல்லாங்கிணற்றிலிருந்து என் அக்கா மாதம் ஒரு தடவை பஸ் பிடித்து வருவாள். அடுப்படியில் இருக்கும் என் மனைவியின் காதில் விழுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, எனக்கு இரண்டாந்தாரமாகப் பார்த்து வைத்திருந்த பெண்ணைப் பற்றி ஆரம்பிப்பாள்.

"ஏலே, அந்தப் புள்ளைக்கு வேற எடம் வருதாம்லே. எம்புட்டு நாளைக்கு நிப்பாட்டி வைக்க முடியும்? இவளைத் தள்ளி வைக்கவா சொல்லுறேன்? இவ பாட்டுக்கு இவ இருக்கட்டும்."

"சட்டம் வந்திருச்சுக்கா. ரெண்டு கட்டினா உள்ள தூக்கிப் போட்ருவான். ஒருத்தி திட்டுறதுக்கே எனக்கு ரெண்டு காது பத்தல" என்பேன்.

அக்கா சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும் நின்றுபோயிருக்கும். அக்காவைச் சிரித்த முகத்தோடு பஸ் ஏற்றிவிட்டாயிற்று, இந்த மாதத்துக்கு ஆபத்து இல்லை என்று நான் வீட்டுக்கு வருவேன்.

அச்சக வேலையாக மெட்ராஸ் போன ஒரு சமயம், மீன் விற்கிற கடையில் அந்த ஜோடியைப் பார்த்தேன். வெள்ளித் தட்டைச் செங்குத்தாக நிறுத்திக் கறுப்புப் பட்டை போட்ட மாதிரி உடம்பு. மேலும் கீழும் நீளமான செட்டை.

"அமெரிக்கா மீன் சார். அமேசான் ஆத்துது. சிக்லிட் ஜாதி, ஏஞ்சல்னு பேரு" என்றார் கடைக்காரர். "நம்ம ஏரி ஜிலேபி மீனுக்குத் தூரத்து சொந்தம். மத்த மீன் முட்டைய போட்டுட்டுப் போய்க்கினே இருக்கும். இது அப்படி இல்ல, புருசன் பொஞ்சாதி ரெண்டுமா நின்னு காவல் காக்கும்."

எதற்கு வாங்கினேன் என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை. மனைவிக்கு வீட்டில் பேச்சுத் துணை ஆகும் என்று நினைத்தேனோ என்னவோ. தகர டின்னை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். எதிரே இருந்தவர் மோர் என்று நினைத்து ஒரு தம்ளர் கேட்டார்.

லேத் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, சாமி படத்துக்குக் கண்ணாடி போடுகிற கடையில் கண்ணாடி வாங்கி, சுண்ணாம்புப் பொடியையும் அச்சகத்து ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து மூலைகளை அடைத்தேன். தண்ணீர் ஊற்றியதும் நாலு மூலையும் அழுதன. நல்ல தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊர் அது. என் மனைவி மூலைக்கு ஒரு சட்டி வைத்து, ஒழுகியதைப் பிடித்துத் துணி அலசினாள். மறுபடி பிசைந்து மறுபடி அடைத்தேன். உப்புக் கிணற்றுத் தண்ணீர் இந்த மீனுக்கு ஆகாது. மழை பெய்தபோது பிடித்து வைத்ததை வடிகட்டி ஊற்றினேன். ஓடை மணல், வேலம்பாசி, முட்டையிடச் சாய்த்து வைத்த ஒரு உடைந்த சிலேட்டு. லாரி டியூபில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, மெல்லிய ரப்பர் குழாய் வழியாகத் தொட்டிக்குள் குமிழி விட்டேன். மீன் மூச்சு விடுவதற்காக எனக்கு மூச்சு வாங்கியது. தீவனத்துக்குப் பானையில் கொசுப்புழு வளர்த்தேன். மலேரியா ஒழிக்க வந்த ஆட்கள் அதைக் கவிழ்த்துவிட்டு, இந்த வீட்டில் படித்தவர்கள் யாரும் இல்லையா என்று என்னையே கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மனைவி முதலில் கண்டுகொள்ளவில்லை. பிறகு, கிட்டே போனால் மீன்கள் அவளிடம் மட்டும் வந்து கண்ணாடியில் வாயை வைப்பதைக் கவனித்தேன். ஒருநாள் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இதுக முட்டை வச்சு, குஞ்சு பொரிச்சு வளத்திருச்சுன்னா நமக்கும் ஒண்ணு உண்டு. வளக்கலன்னா, மதினி சொல்லுற புள்ளையப் போய்ப் பாருங்க. நான் வழி மறிக்க மாட்டேன்."

"மீனு ஜோசியம் வேற பாக்குமா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆவணியில் சிலேட்டு முழுவதும் கடுகைவிடச் சின்னதாக, கண்ணாடி போல் முட்டைகள். இரண்டு மீன்களும் மாறி மாறி நின்று செட்டையால் விசிறின. மனைவி சாமி கும்பிடுகிற மாதிரி நின்றாள். சாயங்காலம், பின்சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனியில் வழக்கம்போல் சாம்பிள் வெடி போட்டுப் பார்த்தார்கள். அடுத்த நாள் லோடு கிளம்ப வேண்டிய சரக்கு. தரை அதிர்ந்தது. மீன்கள் இரண்டும் ஒருமுறை விறைத்து நின்றன. அப்புறம் தாய் சிலேட்டுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. தகப்பனும் சேர்ந்துகொண்டது.

முட்டைக்கு ஆபத்து என்று பட்டுவிட்டால் இந்த ஜாதி அப்படித்தான் செய்யுமாம். தீபாவளி சீசன் நெருங்குகிற சிவகாசியில் ஆபத்துக்கா பஞ்சம்?

அடுத்த தடவை தொட்டியின் கால்களுக்கு அடியில் டயர்த் துண்டு வைத்தேன். தின்றன. அதற்கு அடுத்த தடவை அச்சகத்துக் காகிதக் கழிவை மூட்டை மூட்டையாகச் சுற்றிலும் அடுக்கி, மேலே மெத்தையைப் போட்டேன். தரையில்தான் படுத்தோம். அப்போதும் தின்றன. முட்டையைச் சிலேட்டோடு தூக்கித் தனிப் பாத்திரத்தில் வைத்துவிடலாமா என்று கேட்டேன்.

"தாயும் தகப்பனும் வளக்கணும். அதான் நான் நெனச்சுக்கிட்டது" என்றாள். அவள் முகம் வற்றிப்போயிருந்தது. மறுவாரம் அக்கா வருவதாக இருந்தது.

மறுபடியும் சிலேட்டில் முட்டை. நான் மானத்தை வீட்டில் வைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போனேன். வெடி போடுகிற போர்மேன் மைதானத்தில் சரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நாலஞ்சு நாளைக்கு வெடியை நிப்பாட்ட முடியுமா?"

"வீட்ல யாருக்கும் முடியலையா?"

"மீனு முட்டை வச்சிருக்கு."

போர்மேன் சரத்தைக் கீழே வைத்தார். "ஏலே, இங்கன வாங்கலே எல்லாரும். அண்ணாச்சி வீட்டு மீனு முட்டை வச்சிருக்காம். தீபாவளியக் கார்த்திகைக்குத் தள்ளி வைக்கணுமாம்."

"மீனுக்குப் பேறுகாலம் பாக்க ஆள் வேணுமா அண்ணாச்சி?" என்றது ஒரு குரல். மைதானமே சிரித்தது. வழக்கமாக இந்த இடத்தில் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன், என்னையே இரண்டு வார்த்தை கூடுதலாகக் கிண்டல் செய்திருப்பேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. போர்மேன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. விளையாட்டு இல்ல. நிப்பாட்டுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆர்டர் நிக்குது. நிப்பாட்டினா முதலாளி என்னைய நிப்பாட்டிருவாரு. வேணும்னா அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்ப் போடுறேன். அம்புட்டுத்தான் நம்மால ஆகும்."

கோடியில்தான் போட்டார்கள். அதிர்கிற தரைக்குக் கோடி என்ன, நடு என்ன? நான் வீட்டுக்குள் நுழைந்தபோது சிலேட்டு துடைத்த மாதிரி இருந்தது. மனைவி தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேசியதெல்லாம் கேட்டிருக்கிறது.

"சிரிச்சாகளா?"

"சிரிச்சாக."

"நீங்க சிரிக்கல."

"மீனுக்காக அம்புட்டுப் பேருக்கு முன்னால, வேண்டாம், நிப்பாட்டுங்கன்னு கெஞ்சுனீக. மதினி வந்து உக்காந்து என் காதுல வெடி போடும்போது ஒரு நாளு அந்த வார்த்தையச் சொல்லியிருப்பீகளா?" அவள் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினாள். "இதுக வளக்கத் தெரியாமயா திங்குதுக? பயந்து திங்குதுக."

மறுநாள் காலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறினேன். அக்கா வெயிலில் மிளகாய் வத்தலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இனிமே அந்தப் பேச்சு வேண்டாம். எங்க வீட்லயும் வேண்டாம், இங்கயும் வேண்டாம். எனக்கு அவ போதும். புள்ளை இருந்தாலும் போதும், இல்லாட்டாலும் போதும்."

அடுத்து நான் ஏதாவது கோமாளித்தனமாகச் சொல்வேன் என்று சிரிப்பதற்கு வாகாக முகத்தை வைத்துக்கொண்டு அக்கா காத்திருந்தாள். என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த முகம் மெல்ல மாறுவதை நின்று பார்த்தேன். அதைப் பார்க்கப் பயந்துதான் இத்தனை வருஷம் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

சாயங்காலம் வீடு திரும்பி, சொல்லிவிட்டேன் என்றேன்.

"மதினி என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. சோறு போட்டுச்சு."

மனைவி லாரி டியூபைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக அவளே பம்பை எடுத்தாள்.

"அங்க என்ன கொழம்பு?" என்றாள்.