முதுகோடு முதுகாய் ஒரு வகுப்பு

என் மகள் கீர்த்தியின் வகுப்புக் கதவில் '3/4' என்று வண்ணத்தாளில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். முக்கால் என்று படித்தேன். கனடாவில் பாலையே சதவீதம் போட்டுத்தான் விற்கிறார்கள், வகுப்பும் முக்கால்தான் நடக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் கீர்த்திதான் விளக்கினாள். மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம். 'ஸ்பிளிட் கிளாஸ்' என்று பெயர். இவள் நாலாவது. கையிலிருந்த டீயைக் குடிக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

ஏனென்றால் இந்தப் பள்ளிக்கூடம் எனக்கு ஏற்கெனவே தெரியும். அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊரில் இதே பள்ளிதான் இருந்தது. ஒரு கூடம், ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார். அதில் ஒருவர் எந்நேரமும் மீட்டிங் என்று வேலூர் போயிருப்பார். மிச்சமிருந்தவர் ஓர் ஏற்பாடு செய்தார். மூன்றாம் வகுப்பு கிழக்குச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், நாலாம் வகுப்பு மேற்குச் சுவரைப் பார்த்து. நடுவில் முதுகோடு முதுகு. திரும்பிப் பார்த்தால் பிரம்பு. நான் மூணாவது படித்த காலத்தில் நாலாவது பாடம் முழுவதையும் முதுகு வழியாகவே கேட்டு முடித்தேன். என் சொந்தப் பாடம்தான் ஏறவில்லை. அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை. லீவில் வந்தவர் ஒருநாள் பள்ளி ஜன்னல் வழியாக இந்தக் காட்சியைப் பார்த்தார். அந்த வருஷமே குடும்பத்தை ஆம்பூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தோல் நாற்றத்துக்கு நடுவே எங்களுக்கு ஒற்றை அறை வீடு, எனக்கு வகுப்புக்கு ஓர் அறை உள்ள பள்ளி. வீட்டில் இல்லாத சுவரெல்லாம் பள்ளியில் இருந்தது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“இன்னாடா சொல்ற? மூணாவதும் நாலாவதும் ஒண்ணாவா?”

“ஆமாப்பா.”

“அதுக்கு ஃப்ளைட்டு எதுக்குடா? அணைக்கட்டு பஸ்ஸே போதுமே. போ, போயி மாத்து. நான் மாத்துனேன் இல்ல?”

மறுநாளே பிரின்ஸிபால் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். பக்கத்துப் பள்ளியில் தனி நாலாம் வகுப்பு இருக்கிறது, ஓர் இடமும் காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் மாற்றித் தருகிறேன் என்றார். அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை. “எங்கள் ஊரிலும் இதே முறைதான், நான் அதில்தான் படித்தேன்” என்றேன். குத்திக் காட்டுவதாகத்தான் நினைப்பு. அந்த அம்மாவின் முகம் பல்பு போட்டதுபோல் ஆகிவிட்டது.

“அப்படியா! எவ்வளவு அருமை! வகுப்புக்கு வந்து பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேசுவீர்களா?”

திட்டியது சர்ட்டிபிகேட்டாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பழக்கதோஷத்தில் தலையை ஆட்டினேன். நம்ம ஊர்த் தலையாட்டலை இங்கே எல்லோரும் 'இல்லை' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நம்ம ஊரிலிருந்து வந்திருப்பவர்களுக்குத் தெரியும், எத்தனை முறை அதனால் பேஜார் ஆகியிருக்கிறோம் என்று. அன்றைக்குப் பார்த்து அந்த அம்மாவுக்குச் சரியாகப் புரிந்துவிட்டது.

வீட்டில் என் மனைவி செல்வி வேறொரு செய்தி வைத்திருந்தாள். “இன்னாங்க, அவ மாறமாட்டேன்றா. அமேலியான்னு ஒரு பொண்ணு இருக்குதாம்.”

நாங்கள் இங்கே வந்த முதல் வருஷம் முழுக்கக் கீர்த்தி பள்ளியில் வாயைத் திறக்கவில்லை. பேசத்தான் திறக்கவில்லை என்றால் சாப்பிடவும் திறக்கவில்லை. டிபன் பாக்ஸ் போனபடியே திரும்பி வரும். இந்த வாரம்தான் காலியாக வருகிறது.

“அமேலியா மூணாவதா, நாலாவதா?” என்று கீர்த்தியிடம் கேட்டேன்.

“தெரில. நான் கேக்கலப்பா.”

என் தொழிலை இங்கே சொல்ல வேண்டும். ஆம்பூரில் நான் தோல் தரம் பிரித்தவன். மேசையில் விரித்து ஒரு தடவு தடவினால் போதும், உண்ணி கடித்தது, முள் கிழித்தது, கத்தி பட்டது எல்லாவற்றையும் விரலே சொல்லிவிடும். நல்ல தோல்கட்டு ஒன்றில் ஒரு மட்டமான தோல் கலந்துவிட்டால் வாங்குகிறவன் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புவான். கலப்பது எங்களிடம் கெட்ட வார்த்தை. இங்கேயும் ஒரு வேர்ஹவுஸில், திரும்பி வந்த பூட்ஸ்களைப் பிரித்து வைத்துத்தான் பிழைக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்ன வகுப்பு என்றே தெரியாத பெண் எனக்குப் பிறந்திருக்கிறது.

வியாழக்கிழமை வகுப்புக்குப் போனேன். முதுகோடு முதுகாய் உட்கார்ந்த கதையைச் சொன்னதும் பிள்ளைகள் தாங்களும் அப்படி உட்கார வேண்டும் என்று குதித்தார்கள். “யாரும் சொல்லாதீர்கள், நானே பிரிக்கிறேன்” என்றேன். தொழில் திமிர். இருந்ததிலேயே நெட்டையான பையனை மேற்கே அனுப்பினேன். மூணாவதாம். முன்பல் விழுந்த குட்டிப் பெண்ணைக் கிழக்கே அனுப்பினேன். நாலாவதாம். பிரிக்கப் பிரிக்கத் தப்பாகி, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் சிரித்தார். கடைசியில் அவர்களே பிரிந்துகொண்டார்கள். அமேலியா மூணாவது. எழுந்து அந்தப் பக்கம் போனாள்.

கீர்த்தியின் வாய் மூடிக்கொண்டது. போன வருஷம் முழுக்கப் பார்த்த அதே வாய். பக்கத்துப் பள்ளிக்கு மாற்றினால் வரப்போவது இந்த முகம்தான்.

சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு தலைகள் பின்பக்கமாக டொக்கென்று முட்டிக்கொண்டன. கீர்த்தி திரும்பாமலே என்னவோ சொல்ல, அமேலியா திரும்பாமலே சிரித்தாள். பிரம்பு இல்லாத ஊர்.

“நாளைக்கும் இப்படியே உட்காரலாமா?” என்று கேட்டான் அந்த நெட்டைப் பையன். எதிலிருந்து தப்பிக்க எங்கப்பா குடும்பத்தையே இடம் மாற்றினாரோ, அதை இவன் மிட்டாய் மாதிரி கேட்கிறான். யார் மேல் கோபப்படுவது?

வெள்ளிக்கிழமை போயே போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் அப்பாவின் போன்.

“மாத்திட்டியா?”

“இல்லப்பா. இங்கியே இருக்கட்டும்.”

அந்தப் பக்கம் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

“அப்ப உன்ன எதுக்குடா ஆம்பூருக்கு இட்டுனு வந்தேன்?”

எனக்குப் பின்னால், கூடத்துக் கம்பளத்தில் கீர்த்தியும், விளையாட வந்திருந்த அமேலியாவும் முதுகோடு முதுகாய் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் பிடிக்க முடியாத வேகத்தில் இங்கிலீஷ். ஒரு காதில் அது, ஒரு காதில் அப்பாவின் மூச்சு. திரும்பினால் அடிக்க எந்த வாத்தியாரும் இல்லை. ஆனாலும் போனைப் பிடித்தபடி சுவரைப் பார்த்தே நின்றிருந்தேன், இரண்டு வகுப்பையும் முதுகு வழியாகக் கேட்டுக்கொண்டு.