உடையார்பாளையத்துக்கு ஏழு சோறு

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு முதல் பஸ் காலை ஆறு மணிக்கு என்பது கடைவீதியில் எல்லோரும் சொல்லும் கணக்கு. யுத்தம் வந்து பெட்ரோல் அருகிப் போனபின் அது கரி பஸ் ஆகிவிட்டது. வண்டியின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரியைப் பற்றவைத்து, கிளீனர் விசிறிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்து, வாயு சேர்ந்த பிறகுதான் எஞ்சின் உறுமும். வைகாசி மாதத்து அந்தப் புதன்கிழமை வாயு சேர ஏழேகால் ஆகிவிட்டது. கட்டணம் தலைக்கு எட்டணா. தூரம் ஏறக்குறைய இருபது மைல். வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்றார் கண்டக்டர். வழக்கம் என்ற சொல்லை அவர் சற்று இழுத்துச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

என் மனைவி தனம் கூடையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அந்தக் கூடைக்காகத்தான் பயணம்.

எங்கள் மூத்த மகள் கமலத்தை உடையார்பாளையத்தில் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம், ஏழாவது மாதம். எங்கள் குடும்பங்களில் வளைகாப்பன்று தாய்வீட்டில் ஆக்கிய ஏழு வகைச் சோற்றை ஒரே கூடையில் கட்டிக்கொண்டு போய்ப் பெண்ணுக்கு ஊட்டுவார்கள். அதன் பிறகே பிள்ளைப்பேற்றுக்கு அழைத்து வருவது. கூடையின் முடிச்சில் ஒரு மஞ்சள் கிழங்கைச் செருகி வைப்போம். பெண்ணின் முன்னால்தான் அதை அவிழ்க்க வேண்டும். வழியில் பிரிக்கக் கூடாது.

சந்தோஷமாகப் போகவேண்டிய பயணம்தான். ஆனால் பத்து நாளைக்கு முன் மாப்பிள்ளை ஓர் எண்ணெய் வியாபாரியிடம் சொல்லியனுப்பிய செய்தி எங்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஒரு மாதமாகக் கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு கவளத்துக்கு மேல் போனால் வெளியே வந்துவிடுகிறது. இந்தப் பலவீனத்தோடு அவளைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவளோ, "அம்மா ஆக்குனா சாப்பிடுவேன்" என்று சொன்னாளாம். ஆகவே சோறு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, அவள் அதைச் சாப்பிட்டு, அது உடம்பில் தங்கினால் பெண் எங்களோடு வருவாள். இல்லையென்றால் நாங்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

கோடையில் வெளியூருக்குச் சோறு கொண்டுபோகிறவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் தனம் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ரேஷன் அரிசியை மிச்சம் பிடிக்கச் சித்திரை முழுக்க நாங்கள் கம்பும் வரகும் சாப்பிட்டோம். அந்த அரிசியை மூன்றாம் சாமத்தில் உலையேற்றி, உதிரியாக வடித்து, பனையோலைப் பாயில் பரப்பி விசிறி ஆறவைத்தாள். ஆறாத சோற்றில் புளியோ எலுமிச்சையோ கலந்தால் நடுப்பகலுக்குள் வியர்த்துவிடும். புளிச்சோற்றுக்கு நல்லெண்ணெய் தாராளம். அது மறுநாள் கூடத் தாங்கும். மாங்காயைத் துருவி எண்ணெயில் சுண்ட வதக்கிய பிறகே கலந்தாள். உளுந்துச் சோற்றுக்கு வறுத்துப் பொடித்த உளுந்து. சர்க்கரைப் பொங்கலில் தண்ணீர் துளியும் நிற்காதபடி வெல்லப் பாகை முற்றவிட்டாள். தயிர்ச்சோறு என்பது கிளம்பும்போது பால்சோறுதான். காய்ச்சி ஆறிய பாலில் குழையப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் விட்டு மண் கலயத்தில் வைத்தால், போய்ச் சேரும்போது புளிக்காத தயிராக இருக்கும். புளிப்பு பித்தளையில் பட்டால் களிம்பேறும் என்பதால் புளி, எலுமிச்சை, மாங்காய் மூன்றையும் அனலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து பாக்கு மட்டையில் கட்டினாள். ஏழாவது, தேங்காய்ச் சோறு. தேங்காய்தான் வெயிலுக்கு முதலில் தோற்கும். அதைச் சிவக்க வறுத்தும் பார்த்தாள்.

இவ்வளவும் செய்தபின் ஒன்றே ஒன்று பிசகியது. கரி பஸ்ஸின் புகையும் தூளும் உள்ளே போய்விடுமோ என்ற பயத்தில், கூடையை இரட்டை வேட்டியால் இறுக்கிச் சுற்றி, இடைவெளியே இல்லாமல் கட்டிவிட்டோம். காற்று நுழையாத இடத்தில் சூடும் வெளியேறாது என்று அந்த அவசரத்தில் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பேரளியில் கைக்குழந்தையோடும் நாலு வயதுப் பெண்ணோடும் ஒரு பெண்பிள்ளை ஏறித் தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர் பொன்னம்மா. அரியலூருக்குப் பக்கத்தில் தாய்வீடு. ஏறிய சிறிது நேரத்தில் எங்கள் கதை முழுவதையும் கேட்டு வாங்கிவிட்டாள்.

ஒன்பது மணிக்குச் சித்தளியைத் தாண்டி ஒரு சிறு மேடு. எல்லோரும் இறங்கி நடக்க, வெற்று வண்டி பாதி ஏறி நின்றுவிட்டது. டிரைவர் உருளையைத் திறந்து பார்த்துவிட்டு, கரி ஈரம் என்றார்.

"எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன்.

"கரியைக் கொட்டிக் காயவெச்சு மறுபடி பத்தவைக்கணும் சார். வெயிலு நல்லா இருக்கு. சீக்கிரம் காஞ்சிரும்."

அந்த நல்ல வெயில்தான் என்னைக் கலக்கியது. சாலையோரத்தில் ஒரே ஒரு வேப்பமரம். அதன் நிழலில் இருபது பேர். தனம் நடுவில் உட்கார்ந்து கூடையைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டாள். பத்து மணிக்கு அவள் என்னைப் பார்த்தாள். நான் தேங்காயை நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அதையே நினைத்தாள் என்று தெரிந்தது. கூடைமேல் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அது வெயிலின் சூடா உள்ளிருந்து வரும் சூடா என்று அவிழ்க்காமல் எப்படிச் சொல்வது?

"ஒரு ஓரமா மட்டும் தளத்திப் பாக்கட்டுமா?" என்றேன்.

"வேணாங்க. இத்தனை நாளு அவளுக்கு எதுவும் சரியா நடக்கல. நாம்பளும் ஒண்ணைத் தப்பாப் பண்ண வேணாம்."

மதியத்துக்குள் போய்விடுவோம் என்று நம்பி, எங்களுக்கென்று கொஞ்சம் அவலும் வெல்லமும்தான் கொண்டு வந்திருந்தோம். அரியலூர்ப் பக்கம் பேதி நடமாடுவதாகக் கேள்வி. வழியில் எதையும் வாங்கித் தின்பதில்லை என்று கூஜாவில் காய்ச்சிய தண்ணீர் வேறு. இரண்டும் பதினோரு மணிக்கு முடிந்தன. பொன்னம்மா தன் கலயத்தைத் திறந்து, மோரில் கரைத்த கம்பஞ்சோற்றை ஒரு சிரட்டையில் ஊற்றித் தனத்திடம் நீட்டினாள்.

"குடிங்கக்கா. மடியில ஏழு சோத்த வெச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

தனம் சிரித்து வாங்கிக் குடித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

பன்னிரண்டுக்கு வண்டி கிளம்பியது. வாரணவாசியைத் தாண்டியதும் சாலையின் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது. அரிசி கடத்துகிறவர்களைப் பிடிக்கப் போட்ட சாவடி. காக்கி நிஜார் போட்ட சேவகர் ஒருவர் ஏறி, மூட்டைகளைக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்து தனத்தின் முன்னால் நின்றார்.

"கூடையில என்னம்மா?"

"சோறுங்க. பொண்ணுக்கு வளைகாப்பு."

"எல்லாரும் சோறுன்னுதான் சொல்றாங்க. நேத்து ஒருத்தர் அண்டாவுல மேல ரெண்டு விரக்கடை சோத்தைப் பரப்பிட்டு அடியில அரிசி கொண்டுட்டுப் போனாரு. அவுத்துக் காட்டுங்க."

நான் எழுந்து, நான் பெரம்பலூர் ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தா என்றும், இது சமைத்த சோறுதான் என்றும், வழியில் பிரிக்கக் கூடாத முடிச்சு என்றும் சொன்னேன்.

"நேத்து வந்தவரு கணக்குப்பிள்ளை சார்" என்றார் அவர்.

"ஏஞ்சாமி, மோந்து பாத்தாலே புளி வாசம் வருதே" என்றாள் பொன்னம்மா.

"எனக்குச் சளி."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். தனம் சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சேவகர் கண்டக்டரைப் பார்த்து, கூடை திறக்கும்வரை வண்டி நகராது என்றார். ஒரு மணி ஆகிக்கொண்டிருந்தது. அரியலூரிலிருந்து உடையார்பாளையம் வழியாக ஜெயங்கொண்டம் போகிற பஸ் இரண்டு மணிக்கு; அதை விட்டால் மறுநாள்தான்.

பொன்னம்மா கைக்குழந்தையை என்னிடம் கொடுத்தாள். "அக்கா, நீங்களும் அவுக்க வேணாம், அந்தாளும் அவுக்க வேணாம். நான் அவுக்கறேன். ரெண்டு பெத்தேன், ரெண்டும் சொகமா இருக்கு. என் கை பட்டா உங்க பொண்ணுக்கு நல்லதுதான் வரும்."

தனம் கூடையை அவள் பக்கம் நகர்த்தினாள். பிறகு கைகளை எடுத்துக்கொண்டாள்.

முடிச்சு அவிழ்ந்ததும் உள்ளிருந்து ஆவி முகத்தில் அடித்தது. அதோடு சேர்ந்து ஓர் ஊசல் வாடை. சளிப்பிடித்த அந்தச் சேவகரே ஓர் அடி பின்வாங்கி, "தேங்கா போயிருச்சும்மா" என்றார், மெதுவாக.

தேங்காய்ச் சோறு நூல் விட்டிருந்தது. தனம் மற்ற ஆறையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, மோந்து, ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்தாள். ஆறும் நன்றாக இருந்தன. ஆனால் இலைகளின் அடியில் வியர்வை கட்ட ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே கட்டி வைத்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

"ஆறு ஆகாதுங்களே" என்றாள் தனம். சீர்ச்சோறு ஒற்றைப்படையில்தான் போகவேண்டும். ஏழு இல்லையென்றால் ஐந்து.

தயிர்ச்சோற்றை எடுத்துவிடலாம் என்றேன். பேதிக் காலத்தில் பால் கலந்ததுதான் எனக்குப் பயம்.

"அவளுக்கு இறங்குனா அது ஒண்ணுதாங்க இறங்கும்" என்று சொல்லிவிட்டு, எலுமிச்சைப் பொட்டலத்தை எடுத்துப் பொன்னம்மாவின் மகள் கையில் கொடுத்தாள். அந்தக் குழந்தை ஒரு வாய் தின்றதும் பஸ்ஸில் பாதிப் பேர் கை நீட்டினார்கள். டிரைவருக்கு ஓர் உருண்டை போயிற்று. சேவகர், டியூட்டியில் சாப்பிடக் கூடாது என்றார். பிறகு இலையில் கொஞ்சம் மடித்து வாங்கிக்கொண்டு மூங்கிலைத் தூக்கினார். தேங்காய்ச் சோற்றைக் கிளீனர் சாலையோரம் குழி தோண்டிப் புதைத்தார்.

மிஞ்சிய ஐந்தையும் வாய் திறந்த கூடையில் இடைவெளி விட்டு வைத்து, நனைத்த துண்டு ஒன்றை மட்டும் மேலே போட்டோம். புகையும் தூளும் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டோம். அரியலூரில் பொன்னம்மா இறங்கிக்கொண்டாள். ஜெயங்கொண்டம் பஸ் எங்களுக்காக நிற்கவில்லை. அதற்கும் கரி பற்றவில்லை என்பதால் நின்றது. கைகாட்டி, தத்தனூர் வழியாக முந்திரிக் காடுகளைக் கடந்து உடையார்பாளையம் சேர்ந்தபோது ஐந்து மணி.

கமலத்தைப் பார்த்ததும் தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வளையல்காரர் கல்யாணத்தின்போது போட்ட அளவிலேயே வளையல் கொண்டு வந்திருந்தார். ஏழாம் மாதத்தில் கை பூசினாற்போல் இருக்கவேண்டும். இவளுக்கோ அந்த வளையல்கள் முழங்கைவரை தாமாகவே ஓடின. அவர் பெட்டியில் தேடி, சின்னப் பெண்களுக்குப் போடும் அளவை எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. கூடத்தை விட்டு வெளியே போய், கூடையை எடுத்து வைத்தபோதுதான் திரும்பி வந்தேன்.

சம்பந்தியம்மாள் கூடையைப் பார்த்துவிட்டு, "ஏழுன்னுல்ல சொல்லி வுட்டீங்க?" என்றார்.

தனம் நடந்ததை நடந்தபடி சொன்னாள், முடிச்சு வழியில் அவிழ்ந்ததையும் சேர்த்து. நான் அதை மட்டும் விட்டுவிடுவாள் என்று எண்ணியிருந்தேன். சம்பந்தியம்மாள் கூடையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஐந்திலும் ஒவ்வொரு சிட்டிகை எடுத்துத் தாமே முதலில் தின்று பார்த்தார். பிறகு, "அவ பேருக்கு வந்த கேடு அந்தத் தேங்காயோட போச்சுன்னு வெச்சுக்குவோம். ஊட்டுங்க சம்பந்தி" என்றார்.

கமலம் பொங்கலைத் தொட்டு வைத்தாள். உளுந்து வேண்டாம் என்றாள். புளிச்சோறு ஒரு கவளம், மாங்காய் ஒரு கவளம். அத்தோடு நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். கூடத்தில் பத்துப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு அவள் தொண்டையைப் பார்த்தார்கள். கண்ணைத் திறந்தவள், "அந்தக் கலயத்துல என்னம்மா?" என்றாள்.

தயிர்ச்சோறு புளிக்காமல், அப்போதுதான் உறைந்ததுபோல் இருந்தது. மூன்று கவளம் இறங்கியது. வழக்கமாக வெளியே வருமே, இப்போது வருமா, இதோ வருமா என்று விளக்கு வைக்கும்வரை காத்திருந்தோம். வரவில்லை. மறுநாள் காலை சம்பந்தியம்மாள் என்னிடம் காலியான கலயத்தைக் காட்டி, "மிச்சத்தையும் அவளே கேட்டு வாங்கித் தின்னுட்டா. கூட்டிட்டுப் போங்க. வைத்தியருகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

திரும்பும் வழிக்கு அவர் கட்டிக் கொடுத்தது: பன்னிரண்டு இட்லி, எல்லாம் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவியவை, புளிச்சோறு ஒரு பொட்டலம், வறுத்த முந்திரிப் பருப்பு, நார்த்தங்காய், ஒரு பானை காய்ச்சிய தண்ணீர். இந்தப் பொட்டலத்துக்கு முடிச்சுமில்லை, கணக்குமில்லை. அரியலூரில் பாதி, பெரம்பலூர் எல்லையில் பாதி என்று நான் மனத்துக்குள் பங்கு போட்டுவைத்தேன்.

பஸ் புறப்பட வாயு சேர்ந்துகொண்டிருந்தபோதே கமலம், "அப்பா, அந்த இட்லியை எடுங்க" என்றாள். தத்தனூருக்குள் ஆறு இட்லி. கொஞ்சம் தூங்கி எழுந்து புளிச்சோறு. தனம் எங்கள் பங்கையும் அவள் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். கைகாட்டி வந்தபோது நான் பொட்டலத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரே ஒரு நார்த்தங்காய்த் துண்டு இருந்தது.

அரியலூர் இன்னும் பல மைல். அதற்கப்பால் பெரம்பலூர்வரை இன்னொரு கரி பஸ். ஒரு மாதமாக இந்தப் பெண் எதுவும் சாப்பிடவில்லையே என்று மறுகிக்கொண்டிருந்த நான், வீடு போய்ச் சேரும்வரை இவளுக்குச் சாப்பிட என்ன கொடுப்பது என்று மறுக ஆரம்பித்தேன்.