ஆயுத பூஜைக்குக் குளித்த மேசைகள்

போன வாரம் மகனுடைய அலுவலகத்துக்கு மேசை செய்ய வேண்டுமென்று வேங்கிக்காலில் ஒரு பலகைக் கடைக்குப் போனோம். கடைக்காரர் உள்ளங்கை அளவில் மாதிரித் துண்டுகளைப் பரப்பினார். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். பசையும் மரத்தூளும் கலந்த அதே வாடை. இத்தனை வருடம் ஆகியும் மறக்கவில்லை, பாருங்கள்.

எண்பதுகளில் நான் தேரடித் தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினேன். பழைய மேசைகள் ஆட்டம் கண்டபோது, வேம்புப் பலகையில் செய்யலாம் என்றார் ஆசாரி ஏழுமலை. எனக்கோ மெட்ராஸ் ஆபீஸ்களில் பார்த்த பளபளப்பின் மேல் மோகம். மைக்கா ஒட்டிய பார்ட்டிக்கிள் போர்டுதான் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"இது மரத்தூள அமுக்கி செஞ்சதுங்க. தண்ணி பட்டா ஊறிப்பூடும், ஸ்குரூ நிக்காது" என்றார்.

"மழையிலயா வெக்கப் போறேன்?" என்றேன். அறிவாளி அல்லவா!

ஆயுத பூஜை வந்தது. நம் ஊரில் அன்றைக்குக் குளிக்காத பொருள் உண்டா? மிஷின்களை இறக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பக்கெட் தண்ணீரை நானே ஊற்றினேன். கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கமும் கழுவினேன். பிறகு சந்தனம், குங்குமம், பொரிகடலை. ஏழுமலை சொன்னது நினைவுக்கே வரவில்லை.

மல்லிகா கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து டைப் பழகிய பெண். அவள் வேகத்துக்கு ஈடு கிடையாது. அடுத்த வாரம் அவளுக்கு டைப்பிஸ்ட் வேலைக்கான தேர்வு. பூஜை முடிந்து மூன்றாம் நாள், அவள் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேசைக் கால் கழன்றது. மிஷின் சரிந்தது. எழுந்து விலகாமல், அந்தப் பைத்தியக்காரப் பெண் அதைக் கையால் தாங்கப் பார்த்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின.

"சார், மிஷினுக்கு ஒண்ணும் ஆவலயே?" என்று கேட்டாள்.

மேசை விழுந்தபோதுகூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. அதிர்ச்சி அதைக் கேட்டபோதுதான். பலகையைப் புரட்டினால், மேலே மைக்கா பளபளவென்று இருக்கிறது. அடியில் ஊறிய தவிடு மாதிரி உதிர்கிறது. அந்த விரல்கள் அதன்பிறகு மடங்கவில்லை. அவள் தேர்வுக்கும் போகவில்லை.

"இது வாட்டர் ப்ரூஃபுங்க" என்றார் போன வாரம் அந்தப் பலகைக் கடைக்காரர். இருக்கட்டுமென்று ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, மாதிரித் துண்டை அதில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மகனுக்கு ஒரே வெட்கம்.

இன்ஸ்டிடியூட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அங்கே நிற்கிற பிள்ளைகள் இரண்டு கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்ன வேகமாக அடிக்கிறார்கள்! மல்லிகாவுக்கு மீதி எட்டு விரல்கள் நன்றாகத்தான் இருந்தன. அந்தக் காலத்துக்கு அது போதவில்லை.