ஒரு கோப்பு, ஒரு எண்

செருப்பை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, சுழல் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்தபடி, வந்திருக்கும் நிரலை வாய்க்குள் முணுமுணுத்துப் படிக்கிறார் அக்கா. கடிப்பது நின்றால் எங்கோ யாருக்கோ கண்டம். "இது வேலைக்காகாது. திருப்பி அனுப்பு."

கணினியை அடியிலிருந்து ஓட்டும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். பல ஊர்க்காரர்கள் கூடி எழுதுவது. அதில் கருவிகளின் பதிப்பு எண்ணை வெளியே காட்டும் பகுதிக்கு அக்காதான் காவல். அவர் ஒப்பாமல் ஒரு வரி நுழையாது. சம்பளம் கொடுப்பது மட்டும் எங்கள் கம்பெனி. 'மாட்டேன் மேடம்' என்று நாங்கள் வைத்த பெயர் அவருக்கும் தெரியும்.

வீட்டிலும் அப்படித்தானாம். "டீத்தூள் டப்பாவுல தெரியாம காப்பித்தூளைக் கொட்டிட்டேன்ப்பா. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசல" என்று அவர் கணவர் என்னிடம் புலம்பியிருக்கிறார். அந்த மனிதருக்கு இப்போது வேலையில்லை. அக்கா சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

போன வாரம் வம்பு எங்கள் கம்பெனியிலிருந்தே வந்தது. புதுக் கருவியின் வன்பொருள் பதிப்பு, மென்பொருள் பதிப்பு, தயாரித்த தேதி மூன்றையும் ஒரே கோப்பில் ஒரே வரியாகக் கோத்து அனுப்பியிருந்தார்கள். தனித்தனிக் கோப்பாகக் கொடுங்கள் என்று அக்கா திருப்பிவிட்டார். மேலாளர் நேரே வந்து நின்றார்.

"படிக்கிறவன் பிரிச்சுப் படிச்சுக்கட்டும் மேடம். என்ன இப்போ?"

"நாளைக்கு நீங்க நடுவுல ஒரு சொல்லைச் சேர்த்தா, பிரிச்சுப் படிச்சவன் புரோகிராம் எல்லாம் படுத்துடும் சார். ஒருதடவை வெளிய காட்டிட்டா உலகம் பூரா அதை நம்பி எழுதிடுவாங்க. அப்புறம் மாத்த முடியாது."

"இன்னைக்கு இது உள்ள போகணும். இல்லன்னா நாளைலருந்து நீங்க வர வேண்டாம்."

"அக்கா, இந்த ஒரு தடவை விட்டுடுங்களேன்" என்று நான் கெஞ்சினேன்.

"உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி அவர்மேல், பாதி அந்த மேலாளர்மேல்.

திரை அக்காவின் பெயரில் திறந்தே இருந்தது. ஒரு கட்டளையைத் தட்டினால் அக்கா ஒப்பியதாகிவிடும். "நகருங்க, நானே அடிச்சுக்கிறேன்" என்று மேலாளர் குனிந்து கையை நீட்டினார்.

அக்கா கீபோர்டின் வயரை உருவிச் சுருட்டி, கீபோர்டையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாப்பிடப் போனார்.